பிழைத்தவர்கள் மாடிக்குப் போய்விடுகிறார்கள்

கல்யாண வீடுகளில் என்னைச் செவிலியர் என்று அறிமுகப்படுத்தி, அதுவும் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை என்று சொன்னவுடன், வயதில் மூத்த உறவினர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தெனமும் இத்தன சாவப் பாக்கறியே கண்ணு, மனசு மரத்துப் போயிருக்குமே?" அதில் குத்தல் எதுவும் கிடையாது. மரத்துப் போயிருந்தால் இவளுக்கு நல்லது என்று அவர்கள் எனக்காக ஆசைப்படுகிறார்கள் என்றே நினைக்கிறேன். நானும் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். மனம் மரத்துப் போவதில்லை என்பதையும், எங்கள் வேலை அமைந்திருக்கும் விதமே இறந்தவர்களை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் பிழைத்தவர்களை எல்லாம் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறது என்பதையும் பந்தியில் நின்று விளக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சேலத்தின் இருப்பிடத்தை முதலில் சொல்ல வேண்டும். பெங்களூரு, கோவை, நாமக்கல், உளுந்தூர்பேட்டை என நான்கு பக்கமும் போகும் நெடுஞ்சாலைகள் இந்த ஊரில் சந்திக்கின்றன. வடக்கே, விபத்துக்குப் பெயர் போன தொப்பூர் கணவாயின் இறக்கம். ஊருக்குத் தலைமாட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காடு மலைப்பாதை. மேற்கே, ஆடிப்பெருக்கன்று கூட்டம் தாங்காத மேட்டூர்க் காவிரி. தருமபுரி, நாமக்கல், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் சிறிய மருத்துவமனைகளில் கைவிரித்தால் அடுத்த சொல் பெரும்பாலும் "சேலத்துக்குக் கொண்டு போங்க" என்பதுதான். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கியது. முன்பெல்லாம் புளியமரத்தடியிலேயே முடிந்திருக்கக்கூடிய உயிர்கள் இன்று மருத்துவமனை வாசல் வரை துடிப்போடு வந்து சேர்கின்றன. அவர்களில் பலர் பிழைக்கிறார்கள். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பிழைக்காதவர்கள் இப்போது சாலையில் இறப்பதில்லை, எங்கள் உள்ளங்கைகளுக்குக் கீழே இறக்கிறார்கள் என்பதும் இதே மாற்றத்தின் இன்னொரு பாதி.

உள்ளங்கை என்று சொன்னது வெறும் அலங்காரமில்லை. இதயம் நின்று போனவருக்கு மார்பு அழுத்தம் கொடுக்கும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பெலும்பு 5 செ.மீ. உள்ளே போகும் அளவுக்கு அழுத்த வேண்டும். சரியாகச் செய்தால் சிலருக்கு விலா எலும்பு முறியும்; அந்த முறிவு காதுக்கு முன்பாகக் கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் எவ்வளவு திடமானவரின் அழுத்தமும் ஆழம் குறைந்துபோகும். ஒருவர் மூச்சுக்காற்றைக் கையால் செலுத்தும் ஆம்பு பையை அமுக்க, ஒருவர் மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளியில் அட்ரினலின் செலுத்த, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் எங்களில் யாருக்கும் துக்கம் கிடையாது, பயமும் கிடையாது. எண்ணிக்கை மட்டுமே இருக்கும். "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது" என்று உரக்க எண்ணுகிறவரின் குரலில் எந்த உணர்ச்சியும் இருக்காது; வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் "இவங்களுக்கு ஈவு இரக்கமே இல்ல" என்று முடிவு செய்கிறார்கள்.

மருத்துவர் இறப்பின் நேரத்தைச் சொல்லி முடித்து, உறவினர்களிடம் பேசிவிட்டு, அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவார். அவர் நகரத்தான் வேண்டும், உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவர்களுக்கான சிவப்பு மண்டலத்தில் அடுத்தவர் காத்திருக்கிறார். ஆனால் அங்கிருந்து செவிலியருக்கு ஒரு தனி வேலை தொடங்குகிறது. இரத்தத்தைத் துடைக்க வேண்டும், கண்களை மூட வேண்டும், தாடையைத் துணியால் கட்ட வேண்டும், கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். நகைகளைக் கழற்றிப் பட்டியலிட வேண்டும். சட்டச் சிக்கல் வரக்கூடாதென்று தங்கம் என்று எழுதாமல் 'மஞ்சள் நிற உலோகம்' என்றுதான் எழுதுவோம். தாலிக்கொடியானாலும் அப்படித்தான். மெட்டி சுலபத்தில் கழலாது. வீங்கிய விரலிலிருந்து மெட்டியைச் சோப்பு நீர் விட்டு மெல்ல உருவிக்கொண்டிருக்கும்போதுதான், இந்தப் பெண்ணுக்கு என் வயதிருக்கும் என்ற எண்ணம் முதன்முதலாக உள்ளே நுழையும். அதுவரை அவர் ஒரு நாடித்துடிப்பாகவும் ஒரு இரத்த அழுத்தமாகவும் மட்டுமே இருந்திருப்பார்.

ஒரு மாம்பழப் பருவத்தில் இரவு நேர விபத்தில் வந்த இளைஞர் ஒருவருடைய உடைமைகளோடு, அவர் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போன மல்கோவாப் பையும் வந்தது. ஹெல்மெட், பர்ஸ், கைபேசி ஆகியவற்றோடு அதையும் பட்டியலில் எழுதி அறையில் வைத்துப் பூட்டினோம். மற்றவற்றை உறவினர்கள் கையெழுத்திட்டு வாங்கிச் சென்றார்கள். பழத்தை யாரும் கேட்கவில்லை, அதை வெளியே வீசவும் எங்களில் யாருக்கும் கை வரவில்லை. சில நாட்களில் அந்த அறை முழுவதும் பழ வாசனை. நான் அப்போதெல்லாம் நன்றாகத்தான் சாப்பிட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். அடுத்த ஆண்டு சித்திரையில் கடைவீதியில் மாம்பழக் கூடைகளைக் கடக்கும்போது நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, வாங்க வந்ததை வாங்காமல் திரும்பி வந்தேன். என் மாமியார் வெயிலில் மயக்கம் என்று நினைத்து மோர் கொடுத்தார். நானும் மறுத்துப் பேசவில்லை.

இவ்வாறு பிந்தி வந்து நிற்பதற்குப் படித்தவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 1992-இல் கார்லா ஜாய்ன்சன் என்பவர், செவிலியர்களின் சோர்வைப் பற்றி எழுதும்போது 'கருணைச் சோர்வு' என்ற பொருளில் ஒரு தொடரைப் பயன்படுத்தினார். 2013-இல் வெளிவந்த அமெரிக்க உளநோய் மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, தனக்கு நேர்ந்த கொடுமை மட்டுமல்லாமல், பணியின் காரணமாகப் பிறருக்கு நேர்ந்தவற்றின் கோர விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்குக் காரணமாகலாம் என்று வரையறையிலேயே சேர்த்துக்கொண்டது. ஆகவே மாம்பழக் கடையில் எனக்கு நேர்ந்தது 'இளகிய மனசு' என்ற குணக்குறை அல்ல. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அந்தப் பெயர்கள் எதுவும் தொடாத ஒன்று இருக்கிறது. ஒரு பாம்புக்கடியை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், கண்ணாடி விரியன் கடித்துக் கால் தொடை வரை வீங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டார். அதன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும் என்பதால், இரண்டு மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் குழாயைக் கவிழ்த்தாலும் அசையாது. நஞ்சு ஏறியிருந்தால் தண்ணீர் போல ஓடும். பிளாஸ்டிக் குழாய் உதவாது, கண்ணாடியே வேண்டும். அந்த 20 நிமிடமும் அவர் மனைவி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்காத குறையாக நின்றார். "எங்கூட்டுக்காரரு பொழச்சுக்குவாருங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். குழாயைச் சாய்த்தேன், இரத்தம் ஓடியது. நஞ்சுமுறி மருந்தின் முதல் 10 குப்பிகளைக் கலந்து ஏற்றத் தொடங்கினோம். ஒரு மணி நேரத்துக்குள் அவரைத் தள்ளுபடுக்கையில் ஏற்றி லிஃப்டில் மாடிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். படுக்கையின் விரிப்பை மாற்றினேன். அடுத்தவர் வந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் கிடையாது. வெகு நாட்கள் கழித்து, டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் தோழி கேண்டீனில் வேறு எதையோ பேசும்போது, சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒரு பாம்புக்கடி நோயாளி சில முறை டயாலிசிஸ் செய்துகொண்டு நன்றாகி மலைக்குத் திரும்பிவிட்டார் என்று சொன்னாள். அவர்தான் இவர் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அத்தனை நாளும் என் மனத்தில் அவர் இறந்தவராகவே இருந்திருக்கிறார்.

எண்ணிப் பார்த்தால் இது இயல்புதான். எங்கள் பிரிவில் ஒருவர் பிழைத்தால் அவர் அறுவை அரங்குக்கோ, ஐ.சி.யு.வுக்கோ, வார்டுக்கோ போய்விடுவார். எழுந்து நடப்பது, முதல் இட்லி சாப்பிடுவது, வீட்டுக்குப் போகிற அன்று சாக்லேட் வாங்கிக் கொடுப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும். வார்டு சிஸ்டர்களுக்கு அந்தச் சாக்லேட் கிடைக்கிறது. கிடைக்க வேண்டியதுதான், அவர்களுடைய உழைப்பும் அப்படிப்பட்டது. எங்களுக்குக் கிடைப்பது முதல் ஒரு மணி நேரமும், முழுமையாக எங்களிடமே முடிந்துபோனவர்களும். பத்துப் பேரைக் காப்பாற்றி ஒருவரை இழந்தாலும், மனத்தின் பேரேட்டில் அந்த ஒருவருக்கு மட்டுமே முழு வரலாறு இருக்கிறது. மற்ற பத்துப் பேரும் பாதிக் கதையாக நின்றுபோகிறார்கள், பாதிக் கதைகளை மனம் கெட்ட முடிவோடுதான் பூர்த்தி செய்துகொள்கிறது.

மலைப்பாதையில் இது இன்னும் கடுமை. முன்பு மலைமேல் ஒரு சிறிய மருத்துவமனையில் இருந்தபோது, நோயாளியோடு ஆம்புலன்ஸில் சேலத்துக்கு இறங்கும் பொறுப்பு எங்களுக்கு வரும். சுவாசக் குழாய் போட்டவருக்கு ஆறு நொடிக்கு ஒரு முறை ஆம்புவை அமுக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாயும்போது, ஒரு காலைப் படுக்கையின் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, குழாய் நழுவாமல் ஒரு கையால் பிடித்து, மறு கையால் அமுக்கிக்கொண்டு, திரும்புகிற திசையைப் பார்க்காமலேயே எண்ண வேண்டும். மூடுபனி இருந்தால் ஓட்டுநர் ஊர்ந்துதான் போவார். அவரை அவசரப்படுத்தவும் கூடாது. அடிவாரத்தைத் தொட்டு, சேலத்து மருத்துவமனையில் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதே வண்டியில் காலிப் படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறுவோம். ஏறும்போதுதான் வாந்தி வரும். 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய பேருந்து வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போன செய்தியைப் படித்தபோது, இறந்தவர்களுக்காகவும் காயம்பட்டவர்களுக்காகவும் கலங்கிய அதே நேரத்தில், அன்று காயம்பட்டவர்களோடு கீழே இறங்கிய பணியாளர்களுக்குப் பிறகு யாராவது தகவல் சொல்லியிருப்பார்களா என்ற யோசனையும் எனக்கு வந்தது. தொழில் புத்தி அப்படி.

எல்லாச் சுமைகளிலும் ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை இறக்கி வைக்க முடியவில்லை. தலையில் பலத்த அடி, வென்டிலேட்டர், நாட்கள் கடந்தும் மாற்றமில்லை என்ற நிலையில் குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, "உசுரு வூட்டுலயே போகட்டும்ங்க, கொண்டு போயிடறோம்" என்று வந்து நிற்பார்கள். நம் ஊரில் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. வெளியிடத்தில் உயிர் பிரிந்தால் உடலை வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்குகிற குடும்பங்கள் உண்டு. சொந்தத் திண்ணையில், சொந்த மனிதர்கள் வாயில் பால் ஊற்ற, உயிர் பிரிய வேண்டும் என்ற ஆசையை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். காகிதத்தில் கையெழுத்துப் போடுவார்கள். வென்டிலேட்டரைக் கழற்றி ஆம்பு பையை மாட்டி, வாசலில் நிற்கும் வண்டி வரை அமுக்கிக்கொண்டே நாங்கள் போக வேண்டும். வண்டியில் பழகியவர் யாரும் இல்லையென்றால், அந்தப் பையை மகன் கையில் கொடுத்துச் சொல்லித் தர வேண்டும்: "ரொம்ப அழுத்தாதீங்க தம்பி. ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் எண்ணுங்க, ஒரு தடவ அமுக்குங்க. வூடு போற வரைக்கும் நிறுத்தாதீங்க." அவன் உதடு அசைய எண்ணத் தொடங்குவான். அப்பாவின் கடைசி மூச்சுகள் தன் விரல்களில் இருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியும், வீட்டில் பையை எடுக்கப் போவதும் தன் கைதான் என்பது அப்போது தெரியாது.

இந்த முடிவை நம்பிக்கை அற்றுப்போனதால் எடுத்தால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. பணம் தீர்ந்ததால் மட்டுமே எடுக்கும்போதுதான் உள்ளே ஏதோ ஒன்று முறிகிறது. செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும், அமைப்பின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல் போகும் நிலையை 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவப் பேராசிரியர் 'அற வேதனை' என்ற பொருளில் குறிப்பிட்டார். அவர் செவிலியர்களை மனத்தில் வைத்தே அதை எழுதினார். மருத்துவர், நிர்வாகம், குடும்பம் ஆகிய மூன்று தரப்பும் பேசி முடிவெடுத்த பிறகு, அந்த முடிவைக் கையால் செய்து முடிப்பவர் பெரும்பாலும் முடிவில் பங்கே இல்லாத செவிலியர்தான்.

உறவினர்களின் கோபத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. தாக்குதலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, சட்டத்தின் நகல் அறிவிப்புப் பலகையிலும் இருக்கிறது. அடி விழுவதைவிட வசவுகளே அதிகம், அவற்றைப் பெரும்பாலும் மறந்துவிடலாம்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவது நம் வழக்கம். மூன்றாம் நாள், பதினாறாம் நாள் காரியம் என்று துக்கத்துக்குத் தேதிகள் வைத்து, கூடி அழவும் பிறகு நிறுத்தவும் நம் முன்னோர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நாங்கள் சாவைத் தொட்டுவிட்டுக் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, இரண்டு நிமிடத்தில் அடுத்தவரின் நரம்பைத் தேடுகிறோம். அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோனத்தன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர், ஒருவர் இறந்தவுடன் அங்கிருக்கும் அனைவரும் சில நொடிகள் பேசாமல் நின்று, இறந்தவரையும் முயன்றவர்களையும் நினைத்துவிட்டுக் கலைவது என்ற எளிய பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். எங்கள் பிரிவிலும் சில இரவுகளில் இதைச் செய்கிறோம். துப்புரவுப் பணியாளர் அக்காவும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு எங்களோடு நிற்பார். சிவப்பு மண்டலம் நிரம்பியிருக்கும் இரவுகளில் இதற்கும் வழியில்லை.

நிர்வாகங்கள் எங்களுக்கு ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. செவிலியர் தினமான மே 12 அன்று கேக் வெட்டுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை மன அழுத்தம் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். இரவு டியூட்டி முடித்தவர்கள் கடைசி வரிசையில் தூங்குவதற்கு அது வசதி. கொடூரமான ஒரு சம்பவம் நடந்தவுடன் எல்லோரையும் உட்கார வைத்து, நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்கச் சொல்லும் முறையும் உலகில் பல இடங்களில் இருந்தது. ஆனால் 2002-இல் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அத்தகைய ஒற்றை அமர்வு பிற்கால மனப் பாதிப்பைத் தடுப்பதற்குச் சான்றில்லை என்று கூறி, அதைக் கட்டாயமாக்குவதைக் கைவிடச் சொன்னது. பேச விரும்புகிறவர் பேச வேண்டும், விரும்பாதவரை விட்டுவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, கட்டணமில்லை. எங்கள் ஓய்வறைக் கதவின் உட்புறம் அதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நான் கேட்பது இதைவிடச் சின்னது. அவசரப் பிரிவிலிருந்து மாடிக்குப் போனவர்களின் நிலை வாரத்துக்கு ஒரு முறை கீழே திரும்பி வர வேண்டும். பெயர் வேண்டாம், நோய் விவரம் வேண்டாம். வந்த தேதியும் படுக்கை எண்ணும், எதிரே 'வார்டுக்கு மாற்றம்', 'வீடு திரும்பினார்', 'இறந்தார்' என்ற மூன்றில் ஒன்றும் போதும். இறந்தார் என்று வந்தாலும் பரவாயில்லை, தெரியாமல் இருப்பதைவிட அது இலகு. இதை மேலிடத்தில் சொன்னபோது, இருக்கிற பதிவேடுகளையே எழுதி முடிக்க ஆளில்லை, புதிதாக ஒன்றா என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்ற விதி எத்தனை ஷிஃப்டில் நடைமுறையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே இப்போதைக்கு அது அதிகாரபூர்வமான பதிவேடு இல்லை. மளிகைக் கடையில் வாங்கிய நீளமான நோட்டு ஒன்றில் நாங்களே கோடு போட்டு வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமைகளில் அதை மாடிக்கு எடுத்துப் போய் ஐ.சி.யு. சிஸ்டர்களிடம் நிரப்பி வாங்கி வருவது என் பொறுப்பு. மதிய மருந்து கொடுத்து முடித்த பிறகுதான் போக வேண்டும், கொஞ்சம் முன்னால் போனாலும் திட்டுவார்கள்.